பற்றுச்சீட்டு இல்லாத நடை

ஆணைக்குழுச் செயலாளர் ஐயாவுக்கு,
வாழைச்சேனை–ஓட்டமாவடி மின்பாவனையாளர் சங்கத்தின்
பொருளாளர் புவிராஜினி எழுதுவது.
செலவு மீளளிப்புப் படிவம் கிடைத்தது.
மூன்று பிரதி கேட்டிருக்கிறீர்கள்.
அந்த மூன்று பிரதிக்கும் நூற்றிருபது ரூபாய்.
அதை எந்தக் கூட்டில் எழுதுவது?

போக்குவரத்து:
இரவு ரயில், மூன்றாம் வகுப்பு, நாலு பேர்.
டிக்கெட் இருக்கிறது. ஒன்று மட்டும்
ஜெஸீமாவின் கைப்பையில் நனைந்து
ஊர்ப்பெயர் அழிந்துபோயிற்று.
வெலிக்கந்தைக்கு அப்பால் யானை மறித்து
ஒன்றரை மணித்தியாலம் நின்றோம்.
அந்த நேரத்தில்தான்
விண்ணப்பத்தின் கடைசிப் பகுதியை
ஃபோன் வெளிச்சத்தில் வாசித்து முடித்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், முழுக்க இங்கிலீசு.
மொழிபெயர்த்தவள் ஜெஸீமாவின் மகள்,
ஏ.எல். எடுக்க இருந்தவள்.
'தேய்மான ஒதுக்கீடு' என்ற இடத்தில்
தூங்கிப்போனாள்.
அவளுடைய கட்டணம் ஒரு சோடா.
பற்றுச்சீட்டு இல்லை.

எதிர்ப்பக்கம் மூன்று சட்டத்தரணிகள்.
அவர்களுடைய கட்டணம் இருநூற்றெட்டாம் பக்கத்தில்
சட்டச் செலவு என்ற பெயரில் இருக்கிறது.
அது யூனிற் விலைக்குள் ஏறி
மாதாமாதம் எங்கள் வாசலில் விழுகிறது,
ஐஸ் தொழிற்சாலைக்கு,
ஜெஸீமாவின் அரைவை மில்லுக்கு,
அறுபது யூனிற்றுக்குள் மூச்சைப் பிடிக்கும்
என் வீட்டுக்கு.
எங்களை மறுத்துப் பேசியவருக்கு
நாங்கள் எப்போதோ கொடுத்துவிட்டோம்.
அவரிடம் யாரும் படிவம் கேட்கவில்லை.
(அவர் நல்ல மனிசன். இடைவேளையில்
மர்சூக்குக்குத் தன் பேனையைத் தந்தார்.
திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டோம்.
வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள்.)

ஏழாம் கேள்வி, நிபுணரின் தகைமை.
மர்சூக், மோட்டார் சுற்றுகிறவர்.
கருகிய கம்பியை மணந்து பார்த்தே
பழுது எங்கே என்று சொல்லுவார்.
சான்றிதழ் இருந்தது.
தொண்ணூறாம் ஆண்டு வீட்டோடு போயிற்று.
எப்படிப் போனது என்று எழுத
உங்கள் படிவத்தில் இடமில்லை. நல்லது.

எட்டாம் கேள்வி, வேலை நேரம்.
பதினொரு இரவு.
ஓட்டமாவடிப் பாலத்திலிருந்து துறைமுக வாசல் மட்டும்,
பிறகு கல்குடா றோட்டால்,
ஒவ்வொரு தூணுக்கும் கீழே நின்று
எரிகிறது, எரியவில்லை என்று
பிள்ளைகளின் மிச்சக் கொப்பியில் குறித்தார்.
கணக்குக் காட்டியது ஐந்நூற்று நாற்பது தெருவிளக்குக்கு.
எரிந்தது இருநூற்று ஆறு.
மூன்றாம் இரவு நாய் கடித்தது.
ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசில்லை,
ஆகவே எழுதவில்லை.
ஆறாம் இரவு பொலிஸ் மறித்து
இருட்டுக்குள் என்ன தேடுகிறாய் என்றதாம்.
வெளிச்சத்தை, சேர், என்றாராம்.
நடைக்கு மணித்தியாலம் எவ்வளவு?
உங்களிடம் ஒரு விகிதம் இருந்தால்
நீங்களே போடுங்கள்.

ஒன்பதாவதுதான் சங்கடம்.
உங்கள் பங்களிப்பால் தீர்மானம்
குறிப்பிடத்தக்க அளவு மாறியதா?
நூற்றுப் பதினாலாம் பந்தியில்
தெருவிளக்குக் கணக்கு வெட்டுப்பட்டிருக்கிறது.
மற்ற மாவட்டங்களிலும் எண்ணச் சொல்லியிருக்கிறீர்கள்,
'ஒரு தரப்பினர் சுட்டிக்காட்டியவாறு.'
அந்த ஒரு தரப்பினர்
யூனிற்றுக்குப் பதினேழு சதம் குறைத்தார்கள்.
பதினேழு சதத்துக்கு
ஒரு தீக்குச்சி வராது.
ஆனால் நாடு முழுக்க எத்தனை யூனிற்?
நான் பெருக்கிப் பார்த்தேன்.
கல்குலேற்றரில் இடம் போதவில்லை.

*

ஐயா, காசோலை கிடைத்தது.
நாலாயிரத்து எண்ணூற்று அறுபது,
ஃபோட்டோக்கொப்பிக்கும்
ஊர்ப்பெயர் அழியாத மூன்று டிக்கெட்டுக்கும்.
இத்தொகையும் கட்டணத்தில் சேர்க்கப்படும் என்று
அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது.
சேருங்கள். பில்லில் அந்த ஒரு வரியையாவது
முகம் சுளிக்காமல் கட்டுவோம்.

இன்னொரு விடயம்.
மீன் சந்தைக்கு முன்னாலிருக்கும் விளக்கைத்
திருத்திவிட்டார்கள்.
இப்போது பகலிலும் எரிகிறது.
மர்சூக்
புதுக் கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறார்.
இந்தமுறை பற்றுச்சீட்டோடு.