எழுபது மைலில் ஒரு நிறம்

எழுபது மைல் வேகத்தில்
அது பூவே இல்லை.
கண்ணாடிக்கு வெளியே யாரோ
நீலத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், அவ்வளவுதான்.

பதினாறு ஏப்ரல்களாக
வெல்மா க்ரெனெக் அப்படித்தான் பார்த்திருக்கிறாள்,
முதுகுக்குப் பின்னால் எரிவாயு டேங்கர்,
மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.

இன்று ஓர் ஆணி.
பிரென்ஹாமுக்குச் சற்று முன்னால்
பின் டயர் பெருமூச்சு விட்டது.
ஓரம் கட்டினாள்.
டயர் ஆள் வர இரண்டு மணி நேரமாகுமாம்.

இறங்கினால் முழங்கால் வரை
புளூபானெட். ஒவ்வொன்றின் உச்சியிலும்
பால்பல் மாதிரி ஒரு வெள்ளை.
இது தெரியாதே இவ்வளவு நாள்.
நடுநடுவே செங்காவி நிறத்தில் இன்னொன்று,
அதன் பெயர் அவளுக்குத் தெரியாது,
அதற்கும் அவள் பெயர் தெரியாது.
நசுங்கிய பீர் டப்பாவுக்குள்ளிருந்து ஒரு தண்டு
வளைந்து நெளிந்து வெளியே வந்திருக்கிறது.

டெக்ஸாஸ் நெடுஞ்சாலைத் துறை
லாரியில் வந்து விதை தூவியதாம்.
அரசாங்கம் இப்படியும் செலவு செய்யுமா?
வரி கட்டும்போதெல்லாம் திட்டியதில்
கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.
கொஞ்சம்தான்.

தன் சக்கரம் படுக்கவைத்த செடிகளை
நிமிர்த்திப் பார்த்தாள். இரண்டு நின்றன.
மற்றவை மறுபடி சாய்ந்தன.
"மன்னிச்சுக்கோ."
சத்தமாகவே வந்துவிட்டது.
ஒரு தேனீ தன் வேலையைப் பார்த்தது.

போன் அடித்தது. அலுவலகத்திலிருந்து டுவைட்:
"எங்க நிக்கிற?"
"நீலத்துல."
"மைல் நம்பர் சொல்லு."

சாய்ந்துபோன எண் பலகையைப்
பூ மறைத்திருந்தது.
விலக்கிப் பார்க்கலாம்தான்.