சதுர அடிக்கு

டேப் எடுத்து வர மறந்ததை
மதாம் எர்னெஸ்தீனிடம் சொல்லவில்லை.
காலாலேயே அளந்தேன்,
குதிகாலை விரல்நுனியில் ஒட்டி வைத்து,
முத்தியால்பேட்டை சொல்தா வீட்டுப் பின்முற்றத்தை,
தண்டவாளத்தில் நடப்பவள் மாதிரி கை விரித்து.
நீளம் இருபத்தாறு. அகலம் பதினெட்டு.
இரண்டு மழைக்காலத்துப் பாசி
செருப்புக்கடியில் வழுக்கியது.

நானூற்று அறுபத்தெட்டு.
அடிக்கு ஐந்து ரூபாய் என்றால்
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
தொண்டைவரை வந்துவிட்டது.
குழுக் கடனில் வாங்கிய மெஷினுக்கு
இன்னும் அட்டைப்பெட்டி வாசனை போகவில்லை.
இதுவரை அது கழுவியது எங்கள் வண்டியையும்
கலைவாணனின் ஒரு முழங்காலையும்தான்.
"ஆயிரத்து ஐந்நூறு, மதாம்" என்றது வாய்.

"சரி" என்றார்.

பேரம் பேசியிருந்தால் தூங்கியிருப்பேன்.
ஒரு நூறு குறைக்கச் சொல்லியிருக்கலாம்,
இவ்வளவா என்று புருவத்தையாவது தூக்கியிருக்கலாம்.
அந்தச் "சரி" ராத்திரி முழுக்க
ஃபேனோடு சேர்ந்து சுற்றியது.
எழுந்து காலண்டர் தாளின் முதுகில் எழுதினேன்:
ஆட்டோ போக வர முந்நூறு.
பிளீச்சிங், பிரஷ், நூற்றிருபது.
கலைவாணனுக்கு நானூறு
(நாத்தனார் மகனானாலும் கூலி கூலிதான்).
குழுத் தவணை அறுநூற்று நாற்பது.
மிச்சம் நாற்பது.
என் கைவலிக்கு அந்தத் தாளில்
வரியே இல்லை.

சனிக்கிழமை, காலை ஏழு.
விசையை அழுத்தியதும் துப்பாக்கி தோளை உதைத்தது.
தொட்டிச் செடிக்குப் பின்னால்
யார் கண்ணிலும் படாத மூலையில்
சோதனைக்கு ஒரே ஒரு கோடு இழுத்தேன்.
கறுப்பு பிளந்து
சிவப்பு ஓடு எழுந்து வந்தது, நேற்று பதித்தது போல.
அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.
மொத்தத்தையும் கழுவினால்தான்
அந்தக் கோடு அழியும்.

முனையை ஒரு ஜாண் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பது
ஓட்டிடுக்குச் சுண்ணாம்பு கொஞ்சம்
கெண்டைக்காலில் தெறித்த பிறகு தெரிந்தது.
இரண்டு தரம் கரண்ட் ட்ரிப் ஆனது.
ஒன்பதரைக்குத் துப்பாக்கி இருமியது:
தண்ணீரில்லை, வெறும் காற்று.
மாடியிலிருந்து குடித்தனக்காரர் அருணகிரி,
"தலையில சோப்பு இருக்கு! எவன் டேங்க்கை காலி பண்ணது?"

எல்லாச் செலவும் எழுதியிருந்தேன்,
அருணகிரியின் தலையைத் தவிர.

மோட்டார் போட்டு டேங்க் ஏறும்வரை
சும்மா இருக்க முடியாமல்
இன்று மறக்காமல் கொண்டுவந்த டேப்பை இழுத்தேன்.
இருபதரை அடி. பதினாலேகால்.
மறுபடி இழுத்தேன், கலைவாணனைப் பிடிக்கச் சொல்லி.
அதே.
என் கால் ஓர் அடியாம்!
ஆறாம் நம்பர் செருப்பு, ஒன்பதரை அங்குலம்.
ஐந்து ரூபாய்க் கணக்கில்
இந்த முற்றம் ஆயிரத்து நானூற்று அறுபதுதான்.
கால் கூட்டிச் சொன்னதை
பயம் குறைத்துச் சொல்லி
இரண்டு தப்பும் சேர்ந்து
கிட்டத்தட்ட நியாயமான ஒரு விலையில் போய் முட்டியிருந்தன.
மதாமின் "சரி"
அப்போதுதான் சும்மா ஒரு சரியானது.

மதியம் ஒன்றரைக்கு முற்றம் சிவந்து கிடந்தது.
உள்ளாடைவரை ஈரம், பல்லிடுக்கில் பாசி.
பக்கத்து வீட்டுக்காரர் கத்திக்கொண்டு வந்தார்:
அவருடைய வெள்ளைக் காம்பவுண்ட் சுவர் முழுக்க
நாங்கள் தெளித்த கறுப்புப் புள்ளி.
மன்னிப்புக் கேட்டு, முனையை மாற்றி,
புள்ளி விழுந்த இடத்தை மட்டும் கழுவினேன்.
காசில்லாமல்.

அவர் போகவில்லை.
கழுவிய இடத்தைப் பார்த்தார்.
கழுவாத இடத்தைப் பார்த்தார்.
நேற்றுவரை அவருக்கு அது வெள்ளைச் சுவர்.

"முழுசுக்கும் என்னா ஆவும்?"

வாய் திறப்பதற்கு முன்
கை டேப்பைத் தேடியது.
கலைவாணா, அந்த முனையைப் பிடி.