பதினெட்டு மீட்டர்

குசாமோவின் பனிவெளியில்
பதினெட்டு மீட்டரில் ஃபோகஸைப் பூட்டி
பிர்ச் கட்டை ஒன்றை நட்டுவைத்தேன்,
பாசி படர்ந்த பக்கம் என்னைப் பார்க்க.

"இதைக் கட்டிவிடு, இர்மெலி, உடனே வரும்,"
தௌனோ டப்பாவோடு வந்தான்.
உள்ளே கடையில் வாங்கிய வெள்ளெலி.
வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
விரல்கள் கதகதத்தன, அவ்வளவுதான் லாபம்.

மூன்றாம் நாள். மணி மூன்றுக்கே இருட்டு.
ஆந்தை என் கட்டையைச் சட்டை செய்யவில்லை.
கால்களை முன்னே நீட்டி
தௌனோவின் டிராக்டர் புகைக்குழாய்மேல்
வந்திறங்கியது.
ஷட்டர்தான் சடசடத்தது, வெட்கங்கெட்டு.

படத்தில்
கட்டை துல்லியம், ஒவ்வொரு பனித்துகளும்.
ஓரத்தில் சாம்பலாய்
ஏதோ ஒரு வேகம்.

அந்த இறக்கைக்குச் சத்தமே இல்லை என்பார்கள்.
நான் தலை நிமிருமுன்பே
பையில் எலி
உறைந்துபோயிருந்தது.