எவ்வளவு

ஞாயிறு இரவு விறகுக் கொதிகலனின்
கன்ட்ரோலர் செத்துப்போனது.
எண் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று சிவப்புக் கோடுகள்.
ஊதுவிசிறி ஓடாவிட்டால் நெருப்பு அணையும்.
ஓடிக்கொண்டே இருந்தால் தண்ணீர் பொங்கும்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
புதுப் பெட்டி வியாழனுக்குத்தான்.

ஒடீல், வான்கோழிக்குக் குத்துகிற தெர்மாமீட்டரைக்
குழாயோடு வைத்து டேப் சுற்றினாள்.
விசிறி வயரைப் பிரித்து நேரே ப்ளக்கில் செருகினாள்.
பத்து நிமிடம்.
பிடுங்கு.
பார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா.
இந்தப் பக்கச் சாலையில், விடிய விடிய,
பனி தள்ளும் லாரியில் ரெனால்ட்.
மணிக்கொரு தடவை போன்.
"எவ்வளவு?"
"நூற்று அறுபத்தெட்டு."
"ம்."
பதினேழு வருஷமாக அவனிடமிருந்து
பெரும்பாலும் அந்த ஒரு எழுத்துதான்.

மூன்றாம் இரவு, தூக்கக் கலக்கத்தில்,
"நூற்று எண்பது. சாம்பல் மேட்டோரம்
ஒரு நரி குளிர்காய்கிறது" என்றாள்.
லாரியின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.
"விரட்டாதே."

வியாழன். நாலே ஸ்க்ரூ.
எண்கள் தாமாக ஏறின, தாமாக இறங்கின.
டேப்பின் பசை மட்டும் குழாயில் பிசுபிசுத்தது.

அன்றும் மூன்று மணிக்குப் போன் அடித்தது.
"எவ்வளவு?"
போர்வையோடு ஜன்னலுக்குப் போய்,
கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிப் பார்த்து,
"இன்னும் வரவில்லை" என்றாள்.