பதினொரு நாள் பழைய பிரதி

குழாய் வெடித்தது ஞாயிறு இரவு.
வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
திங்கள் காலை நாங்கள் கதவைத் திறந்தபோது
சர்வர் அறையில் கணுக்கால் அளவு தண்ணீர்,
அதன்மேல் ஏடுபோல மெல்லிய ஐஸ்,
நீல ஒயர்கள் அதில் குத்திட்டு உறைந்திருந்தன.

மேலாளர் கேட்ட முதல் கேள்வி:
"ஒரிஜினல் எங்கே?"

பனிவாரி வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போவது,
எங்கே உப்பு, எங்கே மணல்
என்று சொல்லும் நிரல் அது.
ஆறு வருடமாக எழுதுகிறோம்.

மர்சேல் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.
ஒரிஜினல் என்று ஒன்றும் கிடையாது.
என்னிடம் இருப்பது நான்கு நாள் பழசு.
இவளிடம் நேற்று மாலை வரை உண்டு,
ஆனால் கடைசி வாரத்தில் இவள் எழுதியது மட்டும்.
பிள்ளைப்பேற்று விடுப்பில் இருக்கிறாளே ஜோவெலின்,
அவளிடம் ஒன்று, பதினொரு நாள் பழசு.
எல்லாமே முழுசு.
எல்லாமே குறை.

மேலாளருக்கு அது பதிலாகவே படவில்லை.
ஒரு பூட்டு ஒரு சாவி என்று வளர்ந்தவர்.

டின்டால் பார்க்கில் ஜோவெலின் வீட்டுச் சாப்பாட்டு மேசை.
பான்சிட் தட்டை நகர்த்திவிட்டு மூன்று மடிக்கணினிகள்.
குழந்தை அவள் தோளில் விக்கிக்கொண்டிருந்தது.
நான் அவளிடமிருந்து இழுத்தேன்.
அவள் மர்சேலிடமிருந்து இழுத்தாள்.
மர்சேல் என்னிடமிருந்து.
நடுவில் யாரும் இல்லை.
ஊர் கூடித் தேர் இழுக்கலாம், சரி;
இங்கே தேரே இல்லை,
வடம் மட்டும்தான்.

முந்நூறு கோப்புகள் சத்தமில்லாமல் பொருந்தின.
ஒரே ஒரு வரியில் இயந்திரம் நின்றுவிட்டது.
உப்பு இதற்குக் கீழே கரைக்காது, மணலுக்கு மாறு:
என் பிரதியில் மைனஸ் பன்னிரண்டு,
மர்சேல் பிரதியில் மைனஸ் பதினைந்து.
இரண்டையும் அடுக்கி, நடுவே கோடு கிழித்து
நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றது.
பாடபேதம்.
சுவடி பதிப்பித்தவர்களுக்காவது
ஏடெழுதியவன் செத்துப்போயிருந்தான்.
எங்களுக்கு அவன் எதிரே உட்கார்ந்து
நூடுல்ஸ் தின்கிறான்.

பன்னிரண்டு யார் போட்டது?
அதைக் கேட்கும் கட்டளைக்குப் பெயரே பழி.
கேட்டால் என் பெயரைக் காட்டியது.
அந்த வரியில் நான் செய்ததெல்லாம்
இரண்டு இடைவெளி தள்ளி வைத்தது.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அப்புறம்தான் ஜோவெலின் திரையில்
அந்தக் கிளையைப் பார்த்தோம்.

குர்ஷரணுடையது.
செப்டம்பரில் பிராம்ப்டனுக்குப் போய்விட்டான்.
பள்ளிக்கூடத்து நடைபாதைகளை முதலில் வார வேண்டும் என்று
நாற்பத்தேழு தடவை எழுதிப் பதிந்து வைத்தவன்.
நடைபாதைக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்டு
மேலாளர் தன் கையாலேயே அழித்தார், சர்வரில்.
இவள் அதற்கு முன்பே
அவன் மேசையிலிருந்து நேராக எடுத்து வைத்திருக்கிறாள்.
ஏன் என்றால் தெரியாது என்கிறாள்.
கடைசிப் பதிவில் அவன் குறிப்பு:
"வாசல்வரை வந்துவிட்டது. இன்னும் முடியவில்லை."

என் மொழியில் சுற்றத்துக்கும் கிளை என்றே பெயர்.
அதை அவர்களிடம் சொல்லவில்லை,
சொல்ல வாயெடுத்தபோது குழந்தை கக்கிவிட்டது.

சாயங்காலம் புது சர்வர் வந்தது.
தள்ள வேண்டியதுதான் பாக்கி.
"எல்லாக் கிளைகளையுமா?" என்றேன்.
மர்சேல் ஏற்கெனவே அழுத்தியிருந்தான்.

உப்பு வரிக்கு மட்டும் முடிவில்லை.
அவன் எண்ணை விட்டுவைத்து
என் எண்ணைக் குறிப்பாகப் பக்கத்தில் எழுதினேன்,
பிறகு பேசலாம் என்று.

வெளியே வந்து காரின் ஹீட்டர் ஒயரைப்
பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தபோது
தெருமுனையில் மஞ்சள் விளக்கு சுழன்றது.
பனிவாரி மணலைத் தூவிக்கொண்டே போனது.
மைனஸ் முப்பத்தொன்றில் யாருக்கும் சந்தேகமில்லை.
எங்கள் சண்டையெல்லாம் மைனஸ் பதின்மூன்றில்.
அதற்கு மார்ச் வரவேண்டும்.