சா.பொ. 7

தங்கச்சிமடத்தில் விடியுமுன் பஸ் ஏறினேன்.
யாரும் அழைக்கவில்லை.
மேல்முறையீட்டில் சாட்சிக்கு வேலை இல்லை,
சொன்னதெல்லாம் தாளில் இருக்கிறது என்றார் வக்கீல்.
இருந்தாலும் போனேன்.
பாலம் ஏறும்போது வழக்கம்போல்
நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்,
யாருக்காக என்று தெளிவில்லாமல்.

ராமநாதபுரம் கோர்ட்டில் அவன் மூன்றாம் எதிரி.
மதுரையில் மூன்றாம் மேல்முறையீட்டாளர்.
எனக்கு மட்டும் பெயர் மாறவில்லை:
அங்கேயும் இங்கேயும் அ.சா. 1.
கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
எவளோ ஒருத்திக்கு நடந்ததைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுடைய இரவில் கச்சான் அடித்தது,
கரண்ட் போயிருந்தது.
ஐஸ் கம்பெனி வசூல் பீரோவில்,
புருஷன் மண்டபத்தில்.
பின்கதவு நாதாங்கி தகரமாய் வளைந்தது.
ஒருவன் அவள் கழுத்தில் அரிவாளை வைத்தான்.
ஒருவன் கொழுந்தன் தியோபிலைக் கடப்பாரையால் அடித்தான்.
(இடது காது போனது. கோர்ட் பாஷையில் கொடுங்காயம்.)
மூன்றாமவன் கயிறு கொண்டு வந்தான்.
பச்சை நைலான், வலையின் மேல்விளிம்பில் கோக்கிற கயிறு.
அதுதான் சா.பொ. 7.

தாளில் இவ்வளவுதான்.

மற்ற இருவரும் பீரோவோடு மல்லுக்கட்டியபோது
அவன் என் கையைப் பார்த்தான்.
விரல்கள் கறுத்துக்கொண்டிருந்தன.
குனிந்து, பல்லால் கடித்து,
முடிச்சை இரண்டு விரல்கடை தளர்த்தினான்.
பிறகு டம்ளரில் தண்ணீர்.
வாயருகே பிடித்தான், கொஞ்சம் மார்பில் சிந்தியது.
உள்ளேயிருந்து டார்ச் ஒருமுறை திரும்பியது,
அவன் தாடைக்கடியில் தூண்டில் முள் கிழித்த தழும்பு.

ஜெயிலில் ஏழு பேரை நிறுத்தினார்கள்.
நான் ஐந்தாவது ஆளைக் காட்டினேன்.
எந்த வெளிச்சத்தில் என்று கேட்டார்கள்.
எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள்.
அவ்வளவு பக்கத்தில் ஏன் வந்தான் என்று
யாருமே கேட்கவில்லை.
கேட்காததற்குப் பதில் சொல்லாதீங்கம்மா
என்று அரசு வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்.
எனக்கும் அது வசதியாக இருந்தது.

இப்போது அவன் வக்கீல் எழுந்து
படகுக்குக் கடலுக்குப் போக வாங்கிய டோக்கனைக் காட்டுகிறார்.
அன்றிரவு அவன் கரையிலேயே இல்லையாம்.
பயந்த பெண், இருட்டு,
யாரையோ யாரென்று நினைத்துவிட்டாளாம்.

எழுந்து சொல்லிவிடலாமா?
தண்ணீர் கொடுத்தான் என்றால்
அங்கே இருந்தான் என்றாகிவிடும்.
இருக்கவே இல்லை என்கிறவனை
அந்த அரை டம்ளர் தண்ணீர் மூழ்கடித்துவிடும்.

எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண்,
மடியில் டிபன் பை, பையில் கருவாட்டு வாசனை.
மூக்கையூரிலிருந்து வருகிறாளாம்.
திரும்பி, மெதுவாக,
"ஒங்க கேஸ் எப்பக்கா கூப்பிடுவாங்க?" என்றாள்.
"முடிஞ்சிருச்சு" என்றேன்.
"நல்லதா?"
தலையை ஆட்டினேன், எந்தப் பக்கமென்று ஞாபகமில்லை.

கயிறு இரண்டு துண்டாக இருக்கிறது என்று
யாரோ வாசித்தார்கள்.
பக்கத்து வீட்டு லூர்து, விடிந்ததும் ஓடிவந்து,
மீன் வெட்டும் கத்தியால்
முடிச்சையே அறுத்துப்போட்டார்.
அவிழ்க்க நேரமில்லை, கண்ணீர் வேறு அவருக்கு.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு.
முதல் இருவர் மனுவும் தள்ளுபடி.
மூன்றாமவன் கையில் அரிவாளும் இல்லை, கடப்பாரையும் இல்லை,
ஆகவே இருந்த காலமே தண்டனையாகப் போதும்.
கையில் என்ன இருந்தது என்பது
பதினெட்டுப் பக்கத்திலும் இல்லை.

தியோபிலுக்கு வாசித்துக் காட்டினேன்.
சோற்றில் கை அப்படியே நின்றது.
"ஆறு வருசம். என் காது ஆறு வருசமா மதினி?"
தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.
வாசல்வரை போனவன்
நின்று, வலது காதை என் பக்கம் திருப்பி,
"என்னமோ சொன்னீங்களே?" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.