நாலு பிட் ஆழம்

நஸ்மில் கிண்ணியாவிலிருந்து கொண்டுவந்த சீடியில்
ஒரு துறைமுகம் இருந்தது.
தொண்ணூற்றெட்டாம் ஆண்டு விண்டோஸில் மட்டும் ஓடும்
கப்பல் செலுத்தும் பயிற்சி.
இழுவைப் படகில் கயிறு பிடிக்கிறவன்,
அடுத்த மாதம் சுக்கான் பரீட்சை.
"எப்பிடியாவது ஓடவைங்க அக்கா" என்றான்.

ஓடவைத்தேன்.
புதுக் கணினிக்குள் ஒரு பொய்க் கணினி,
அதற்குள் அந்தப் பழைய விண்டோஸ்.
அறுநூற்று நாற்பதுக்கு நானூற்றெண்பது
என்ற சின்னச் சட்டத்தில் கண்விழித்து
பதினாறு நிறந்தான் எனக்குத் தெரியும் என்றது.

கப்பல் வந்தது. கடல் வரவில்லை.

அலை வரைய முப்பரிமாண கார்ட் வேண்டுமாம்.
கார்ட் இருக்கிறது.
போன மாதந்தான் கடனுக்கு வாங்கிப் பூட்டினேன்.
அது வந்த அட்டைப்பெட்டியைக்
கடை வாசலில் ஒரு புள்ளிமான்
விலையறியாமல் மென்றுகொண்டு நிற்கிறது.
காற்றாடி மூன்றும் சுழல்கின்றன,
உள்ளே இருப்பவனுக்குத்தான் கேட்கவில்லை.
அவனை விருந்தாளி என்றும்
இதை வீட்டுக்காரன் என்றும் எழுதியிருக்கிறது கைநூலில்.
என்ன வீடு இது,
அடுப்படியில் கணவாய்க் கறி கொதிக்க
விறாந்தையில் இருத்தி
வெறுஞ்சோறு போடுகிற வீடு.

வீட்டை மட்டும் குறை சொல்லவும் கூடாது.
இந்தக் கறியைப் பிசைய
அவனுக்கொரு ட்ரைவர் வேண்டும்.
எழுத வேண்டியவர்களோ
அவனுக்கு எப்போதோ
அந்தியேட்டி முடித்துவிட்டார்கள்.

கார்ட் இல்லாமலே வரை என்று ஒரு தெரிவு இருந்தது.
அழுத்தினேன்.
நாலு செக்கனுக்கு ஒரு படம்.
முக்கோணம் முக்கோணமாய், பூச்சில்லாமல்,
இடிந்த கூரைத் தகரம் மாதிரி ஒரு கடல்.

நிறத்துக்கும் ஆழம் என்றுதான் பெயர்.
இங்கே ஆழம் நாலு பிட்.
வெளியே, உட்துறைமுக வீதிக்கு அப்பால்
எவ்வளவு பெரிய கப்பலையும்
மறுபேச்சில்லாமல் உள்ளே விடுகிற ஆழம்.
அதன் பின்னேரத்து நீலத்துக்குப்
பதினாறில் ஒன்றும் பொருந்தாமல்
நீலப்புள்ளி, கறுப்புப்புள்ளி, மறுபடி நீலப்புள்ளி என்று
அடுத்தடுத்து வைத்துச் சமாளித்தது திரை.

மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன்.
நஸ்மில் கதிரை நுனியில் இருந்தான்.
சுக்கானை இடப்பக்கம் ஒடித்தான்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு ஒரு துள்ளலில் முன்மூக்கு நகர்ந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றான்.
"சீனக்குடாவுக்கு வாற சீமெந்துக் கப்பலும் இப்பிடித்தான்.
சொல்லிப்போட்டுக் காத்திருக்கணும்."

நிறம்? என்றேன்.

"ராவையில எத்தின நிறம் அக்கா தெரியும்?
சிவப்பு, பச்சை, வெள்ளை. மத்ததெல்லாம் கறுப்பு.
உங்களுக்குப் பன்ரெண்டு நிறம் கூடிப்போச்சு."

இரவுப் பயிற்சிக்கு மாற்றினேன்.
கறுப்பை மட்டும்
ஒரு குறையில்லாமல் வரைந்தான் விருந்தாளி.
வெகுதூரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு,
ஒட்டினாற்போல ஒரு பச்சை.

ரெண்டும் ஒன்றாகத் தெரிந்தால்?

"நேரா எங்களப் பாத்து வருது."

அடுத்த படம் வர
இன்னும் மூன்று செக்கன் இருந்தது.
நானும் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.